பெற்றோர் இருந்தும் இல்லத்தில்

பெரியாற்றங்கரையில் இருக்கிற ஆலுவாவில் ஜனசேவா சிசுபவன் என்ற குழந்தைகள் இல்லம் பல ஆண்டுகள் நடந்தது. தெருவில் பிச்சையெடுத்த பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. 2018 மே மாதம் கேரள அரசு அந்த இல்லத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அப்போது எழுந்த வாதமெல்லாம் இல்லம் சட்டப்படி நடந்ததா என்பதைப் பற்றியே இருந்தது. அது அவசியமான கேள்விதான். ஆனால் ஒரு பிள்ளை அந்த வாசலுக்கு வந்து நிற்கும்படி அதன் வீட்டில் என்ன நடந்தது என்பதை யாரும் அதே அக்கறையோடு கேட்கவில்லை.

இல்லத்துப் பிள்ளை என்றாலே தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் நாடு முழுவதும் இல்லங்களைக் கணக்கெடுத்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்பட்டு அவற்றில் இருந்த பிள்ளைகள் 3,70,227 பேர். பெற்றோரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஒப்படைக்கப்பட்டவர்கள் என்ற மூன்று வகையையும் கூட்டினால் 56,198 பேர்தான். அம்மா அல்லது அப்பா ஒருவர் மட்டும் இருக்கிற பிள்ளைகளோ 1,20,118 பேர், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எனவே இல்லத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெரிய காரணம் அன்பில்லாத வீடு அல்ல, தனியாளாகப் பிள்ளையைத் தாங்க முடியாத வீடு என்பதே என் வாதம்.

கொச்சியில் வாத்துருத்தி என்ற குடியிருப்பில் தமிழ்த் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அப்படியோர் இடத்தில் கணவனை இழந்த பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைக்குக் கிளம்ப வேண்டும். பள்ளி மாலை நாலு மணிக்கு விட்டுவிடும். அவள் திரும்பும்போது இருட்டிவிடும். நடுவில் பிள்ளையைப் பார்க்க ஊரில் பாட்டி இருப்பாள், இங்கே யாருமில்லை. ஒற்றை அறை, சரியாகப் பூட்ட முடியாத கதவு. பெண் குழந்தை வயதுக்கு வந்துவிட்டால் பயம் இரட்டிப்பாகும். தாய்க்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தால் வாடகை நிற்கும், பிள்ளையின் படிப்பு நிற்கும். அப்போது யாராவது, மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும் ஓரிடம் இருக்கிறது என்றால் அவள் என்ன செய்வாள்? பிள்ளையைத் தள்ளிவிட்டாள் என்று அவளைப் பேசுவது அநியாயம்.

சட்டம் இதைப் புரிந்துகொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்றும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றும் சொல்கிறது. மாமல்லபுரத்து இல்லங்களைப் பற்றிய செய்தியில் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் அளித்த தீர்ப்பும் இதையே வலியுறுத்தியது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது மிகவும் கனமானது. அடிக்கிற தகப்பன், பாலியல் வன்முறை நடக்கிற வீடு, பிள்ளையை வேலைக்கு விற்கிற உறவினர், இவர்களிடமா பிள்ளையை விட்டுவைப்பது? கூடாது. அங்கே அரசு தயங்காமல் நுழைந்து பிள்ளையை மீட்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். வறுமையால் மட்டும் வந்த பிள்ளைகள் இல்லங்களை நிரப்பாமல் இருந்தால்தான், உண்மையில் மீட்கப்பட வேண்டிய பிள்ளைக்கு இடமும் கவனமும் மிஞ்சும்.

வீட்டில் கிடைக்காத படிப்பு இல்லத்தில் கிடைக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. 2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில், பீகார் உள்ளிட்ட வட மாநிலங்களிலிருந்து கேரள இல்லங்களுக்குக் கூட்டிவரப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். ஆள்கடத்தல் என்று வழக்கானது. பெற்றோரே இலவசப் படிப்புக்காக அனுப்பினார்கள் என்று பீகார் அரசு பின்னர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அது அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பள்ளிக்கூடத்துக்காகப் பிள்ளை இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டித் தாயைப் பிரிய வேண்டியிருப்பதை நல்ல ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க உதவித்தொகை தரலாமே என்றால், தாய் கையில் பணம் கொடுத்தால் வீணாகும் என்பார்கள் சிலர். சம்பாதித்துச் சோறு போடுகிறவளை நம்ப மறுப்பதற்கு ஆதாரம் வேண்டும். அதை யாரும் காட்டவில்லை.

உதவி இல்லாமலில்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. தமிழ்நாடு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். ஆனால் மிஷன் வாத்சல்யாவில் நகரத்துக் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 96,000 ரூபாய், மாதத்துக்கு 8,000. கேரளக் கூலியில் பதினைந்து நாள் வேலை கிடைத்தாலே அதைத் தாண்டிவிடலாம்; கொச்சி வாடகையை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. வாத்துருத்தித் தாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரேஷன் அட்டை சொந்த ஊரில், வேலை இங்கே, பிள்ளை படிப்பது இங்கே. எந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுப்பது? மீட்கப்பட்ட பிள்ளையைச் சொந்த ஊருக்கு மாற்ற இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவு வழி சொல்கிறது. பிள்ளை தாயோடு இருக்கும்போதே உதவி கிடைக்க, அவர்கள் இன்று வசிக்கிற மாவட்டமே மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர்ச் சான்றிதழ்களை இரு மாநில அதிகாரிகளும் தங்களுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளை எல்லை தாண்டி அலைய விடக்கூடாது.