குழந்தையே செய்யட்டும்

(கிளையின் கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பள்ளியில் சயன்ஸ் கண்காட்சி என்றால், பல வீடுகளில் அப்பா ஸால்டர் செய்கிறார். பையன் பரிசு வாங்குகிறான். கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. இதில் குழந்தை கற்றது என்ன?

மாடித் தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் அலாரத்தை எடுத்துக்கொள்வோம். 9 வோல்ட் பேட்டரி, பிசி 547 டிரான்ஸிஸ்டர், ஒரு ரெஸிஸ்டர், ஒரு பஸர், இரண்டு கம்பிகள் போதும். ஒரு கம்பி தொட்டியின் அடியில், மற்றது விளிம்பருகே. தண்ணீர் மேல் கம்பியைத் தொட்டதும் மிகச் சிறிய மின்சாரம் பாய்ந்து டிரான்ஸிஸ்டரை இயக்குகிறது, பஸர் ஒலிக்கிறது.

செய்து முடிப்பது பாதி வேலைதான். சோதித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் நன்றாக ஒலிப்பது, டிஸ்டில்டு வாட்டரில் மங்குவானேன்? அதில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. நாளடைவில் பாஸிடிவ் பக்கத்துச் செப்புக் கம்பி மட்டும் அரிப்பானேன்? மின்னாற்பகுப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டால்? இதையெல்லாம் குழந்தையே கேட்டு, செய்து பார்த்து, தேதியிட்டு நோட்டில் எழுத வேண்டும்.

பெற்றோர்களே, வீட்டு மின் இணைப்பைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை அவர்களிடம் விடுங்கள். அலாரம் ஏன் ஒலிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்த குழந்தை, பரிசு வாங்காவிட்டாலும் ஜெயித்த குழந்தைதான்.