வீட்டுத் திண்ணைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாப்பு வரை படிச்சவ. மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. அதனால எழுதி வச்சுத்தான் பேசுறேன்.

என் மூத்த மகளுக்கு இப்ப ஒன்பது வயசு. பிறந்ததுல இருந்தே மூளை வாதம். கை கால் இறுக்கமா இருக்கும், பேச்சு வராது. ஆனா நாம பேசுறது அத்தனையும் அவளுக்குப் புரியும். குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா முகத்துலயே சொல்லிருவா.

அஞ்சு வயசுல அவளைத் தூக்கிக்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். “இந்தப் பிள்ளைய எங்களால பார்த்துக்க முடியாது, வீட்டுலயே வச்சுக்கங்க”ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுல வச்சுப் படிக்க வைக்கிறதுக்கு ஒரு வழி இருக்குன்னு அங்க யாரும் சொல்லலை. ஒரு வருசம் கழிச்சு வட்டார வள மையத்துல இருந்து கணக்கெடுக்க வந்த சிறப்பாசிரியர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உங்க ஊர்லயும் இப்படிப் பிள்ளைக இருக்கும்கிறதால அதைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்தது. 2012-ல அதைத் திருத்தி, கடுமையான ஊனம் உள்ள பிள்ளைக வீட்டுல இருந்தே படிக்கிறதைக் கேட்டுப் பெறலாம்னு சேர்த்தாங்க. கேக்குறது நம்ம உரிமை. வேணும்னா நாம கேட்டு வாங்கிக்கலாம். பள்ளிக்கூடம் நம்மளைத் திருப்பி அனுப்புறதுக்குச் சொல்ற சாக்கு இல்லை அது. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், 6 வயசுல இருந்து 18 வயசு வரை இலவசப் படிப்புன்னு சொல்லுது. இப்ப என் மகள் பேரு பக்கத்துப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுல இருக்கு. புத்தகம், சீருடை வீட்டுக்கு வருது. சீருடை போட்டுவிட்டா அவளுக்கு வர்ற சிரிப்பை நீங்க பார்க்கணும்!

சிறப்பாசிரியர் வாரத்துல ஒரு நாள் வருவாங்க. மிச்சம் ஆறு நாளும் நான்தான் டீச்சர். அங்கதான் கஷ்டமே. காலையில எந்திரிச்சதும் இயன்முறை மருத்துவர் சொல்லிக்குடுத்த மாதிரி கை காலை மெதுவா நீட்டி மடக்கி விடணும். அது முடியாம உட்கார வச்சா உடம்பு விறைச்சுக்கும், கழுத்து சாஞ்சிரும். கழுத்து சாஞ்சா கண்ணு புத்தகத்துல நிக்காது, அப்புறம் என்ன சொல்லிக்குடுத்தும் ஏறாது. முகாம்ல சி.பி. சேர் எழுதிக்குடுத்தாங்க, வந்துசேர நாளாச்சு. அதுவரைக்கும் திண்ணை மூலையில ரெண்டு பக்கமும் நெல்லு மூட்டைய அண்டக் குடுத்து உட்கார வச்சேன்.

பென்சில் பிடிக்க அவளால முடியாது. அதனால காலண்டர் தாளோட பின்பக்கம் பெருசா எழுத்து எழுதி, ரெண்டு ரெண்டாப் பிடிப்பேன். “அம்மாவுக்கு ‘அ’ எது?”ன்னு கேப்பேன். எதைப் பார்க்குறாளோ அதுதான் பதில். சிறப்பாசிரியர் காட்டிக்குடுத்த வழி இது. முதல் மூணு மாசம் எங்கெங்கயோ பார்த்தா. எங்க அத்தை, “எழுத்துப் படிச்சு இவ கலெக்டரு வேலைக்கா போகப் போறா?”ன்னாங்க. கோவமாச் சொல்லலை, எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னாங்க. இப்ப உயிரெழுத்துப் பன்னெண்டும் கண்ணாலயே காட்டிருவா. மிளகா காயப்போடுற காலத்துல கணக்குப் பாடம். நம்ம முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு குடுத்திருக்காங்கள்ல, அந்த மிளகாயைப் பத்துப் பத்தாக் கூறு வைப்பேன். எண்ணும்போது வேணும்னே ஒண்ணை விட்டுட்டா ‘ஊம்’னு சத்தம் போட்டு என்னை நிறுத்துறா. (மிளகாயை அவ கைக்கு எட்டாம வைக்கணும். கண்ணுல கைய வச்சுட்டா அன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவுதான்.)

இதெல்லாம் நான் ஒருத்தியாச் செஞ்சதுன்னு நினைச்சுராதீங்க. எங்க வீட்டுக்காரர் சென்னையில கொத்து வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. அவளை விட்டுட்டு என்னால குழுக் கூட்டத்துக்கு வர முடியலை. தொடர்ந்து மூணு கூட்டம் வராட்டி பேரை எடுக்கலாம்னு எங்க குழுவுல தீர்மானமே இருக்கு. ஆனா ஊக்குநர் அக்கா, “அவ வர முடியலைன்னா கூட்டம் அங்க போகட்டும்”னுட்டாங்க. அன்னையில இருந்து வியாழக்கிழமைக் கூட்டம் எங்க திண்ணையிலதான். வட்டிக் கணக்குப் பார்க்கும்போது எம் மகளும் நடுவுல உட்கார்ந்திருப்பா. ராமநாதபுரத்துக்கு மருத்துவச் சான்று வாங்கப் போனப்ப ஒரு தங்கச்சி தன் ஒரு நாள் கூலியை விட்டுட்டு என்கூட வந்துச்சு. அந்தச் சான்றும் அடையாள அட்டையும் வந்த பிறகுதான் மாசம் 2,000 ரூபா பராமரிப்புத் தொகைக்கு மனுக் குடுக்க முடிஞ்சது. குழுக் கடன்ல ரெண்டு வெள்ளாடு வாங்கினேன். வீட்டோட இருந்தே பார்க்குற வருமானம் எனக்கு அதுதான்.

பணத்தை விட ஒண்ணு பெருசு. போன வருசம் தொண்டிப் பக்கம் இருந்து ஒரு மதினி என்னைத் தேடி வந்தாங்க. அவங்க மகனுக்கும் இதே மாதிரிதான். பதினோரு வயசு, தெருவுல பாதிப் பேருக்கு அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதே தெரியாது. ரெண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம். பிள்ளை விடிய விடியத் தூங்காதது, கல்யாண வீட்டுக்கு நம்மளைக் கூப்பிடாம விடுறது, நமக்குப் பிறகு இதுக்கு யாருன்னு நெஞ்சு அடைக்கிறது. இதையெல்லாம் விளக்கிச் சொல்லாமலே புரிஞ்சுக்கிற ஒரு ஆள் எனக்கு அன்னைக்குத்தான் கிடைச்சாங்க. இப்ப போன்ல பேசிக்கிறோம். என் காலண்டர் அட்டையை அவங்களும் செஞ்சுட்டாங்க. வாய்ல சாப்பாடு நிக்க எப்படி ஊட்டுறதுன்னு அவங்க எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க.

அதனால கூட்டமைப்புகிட்ட ரெண்டு விசயம் கேக்குறேன். ஒவ்வொரு குழுவும் தங்க தெருவுல வீட்டுக்குள்ளயே இருக்கிற பிள்ளைக பேரை எழுதி, தாய்மார் சம்மதத்தோட வட்டார வள மையத்துல குடுக்கணும். இன்னொண்ணு, மாசத்துல ஒரு நாள் இந்தத் தாய்மார் ஒண்ணாக் கூட கூட்டமைப்புக் கட்டடத்தைத் திறந்துவிடணும். வாசல்ல மூணு படி இருக்கு. பக்கத்துல ஒரு சரிவுத் தளம் போட்டுக்குடுத்தா சக்கர நாற்காலி ஏறும். சிமெண்டு குழுவுல போடட்டும், வேலைக்கு எங்க வீட்டுக்காரர் வந்து ஒரு நாள்ல பூசிக் குடுத்துருவாரு. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.