தன்னார்வமும் ஊதியமும்



தேச நிர்மாணத்திற்கு இளைஞர்கள் தன்னார்வத்தோடு வரவேண்டும் என்கிறது ஒன்றிய அரசு. வரட்டும், வந்த வரலாறும் உண்டு.

1989-இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் தொடங்கிய முழு எழுத்தறிவு இயக்கத்தில் சுமார் 20,000 பேர் ஊதியமின்றிக் கற்பித்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள், பெண்களே மிகுதி. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் கலைக்குழுக்கள் ஊர்தோறும் மக்களைத் திரட்டின. முதியோர் பலருக்கு எழுத்து பிடிபடாமைக்குக் காரணம் பார்வைக் குறை எனத் தெரியவந்ததும், பொதுமக்களிடமிருந்து மூக்குக்கண்ணாடிகள் திரட்டப்பட்டன. (எந்தச் சுற்றறிக்கையும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.) 1990 பிப்ரவரி 4 அன்று நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது.

அது ஓராண்டுப் பணி. முடிவு கண்ட பணி. ஆஷா பணியாளர்களின் வேலையோ முடிவற்றது. கர்ப்பிணிகளைக் கவனிப்பது, தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வது, கணக்கெடுப்பது என ஆண்டு முழுதும் உழைக்கும் இப்பெண்கள் அரசின் ஏட்டில் இன்றும் தன்னார்வலர்களே. கிடைப்பது ஊக்கத்தொகை. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் வழங்குமாறு 2013-இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒருங்கே அமர்ந்த முத்தரப்பு மாநாடு அது. பரிந்துரை இன்னமும் கிடப்பில் கிடக்கிறது.