எதையும் விட்டுவிடாத படம்



தென்மேற்கு இங்கிலாந்தில் வெல்ஸ் என்று ஒரு சிறு நகரம். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான பேராலயம் ஒன்று அங்கே இருக்கிறது. 1903-ஆம் ஆண்டு ஃப்ரெடரிக் எவன்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் அதற்குள்ளே ஒரு படம் எடுத்தார். கல்லால் ஆன படிக்கட்டு. பல நூற்றாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து, படிகள் அலை அலையாக நெளிந்து கிடக்கின்றன. ‘படிகளின் கடல்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். புகைப்பட வரலாற்றில் அழியாப் புகழ் பெற்ற படம் அது. பேராலயத்தில் இருக்கும் எத்தனையோ அழகுகளை விட்டுவிட்டு, அந்தப் படிக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டதில்தான் எவன்ஸின் கலை இருக்கிறது.

இன்று நான் பேசப்போவது எதையும் விட்டுவிடாத ஒரு புகைப்படக் கலையைப் பற்றி. பனோரமா என்கிறோமே, அதிலும் முழுச்சுற்றுப் பனோரமா. ஓர் இடத்தில் நிற்பவரைச் சுற்றி 360 பாகையிலும் என்னென்ன உண்டோ அத்தனையும் அதில் அடங்கும். தலைக்கு மேலே இருக்கும் கூரையும் காலடியில் இருக்கும் தரையும்கூட அதில் உண்டு. கணினியிலோ கைப்பேசியிலோ விரலால் நகர்த்தி, விரும்பிய பக்கமெல்லாம் திரும்பிப் பார்க்கலாம்.

ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களுக்கு இது மிகவும் பொருத்தமான கலை. தரையில் புறப்படும் தூண் உயரே போய்க் கிளை பிரிந்து, கூரையின் விலா எலும்பாக வளைந்து, எதிர்ப்பக்கத் தூணில் வந்து இறங்குகிறது. கூரையின் பாரம் எப்படித் தரைக்கு வருகிறது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் கதை. சாதாரணப் படம் எடுத்தால் தூணின் அடி ஒரு படத்திலும் கூரை இன்னொரு படத்திலுமாகப் பிரிந்துபோகும். கதையும் அறுந்துவிடும்.

வெல்ஸ் பேராலயத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டடம் சிலுவை வடிவம். நீண்ட கூடமும் குறுக்குக் கைகளும் சந்திக்கும் நடுவிடத்தின் மேல் கோபுரம். 1313-இல் அந்தக் கோபுரத்தை உயர்த்திக் கட்டத் தொடங்கினார்கள். பாரம் தாங்காமல் அடித்தளம் அமிழ்ந்தது, விரிசல் விட்டது. 1338-இல் வில்லியம் ஜாய் என்ற தலைமைக் கொத்தனார் ஒரு வழி கண்டார். ஒரு கூர்வளைவைக் கட்டி, அதன் உச்சியில் இன்னொரு வளைவைத் தலைகீழாக நிறுத்தினார். இரண்டும் கூடும் இடத்தில், இரு பக்கமும் பெரிய வட்டத் திறப்புகள். கூடத்திலிருந்து எடுத்த படங்களில் பார்த்தால் ஏதோ அலங்கார வேலை என்றே தோன்றும். நடுவிடத்தில் எடுத்த பனோரமாவில் மெல்லத் திரும்பிப் பாருங்கள். மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று அதே வளைவு மூன்று பக்கமும் நிற்கிறது. இப்போது படத்தை மேலே நகர்த்தினால் கோபுரத்தின் அடிப்பாகம் நேரே தலைக்கு மேல். சாயப் பார்த்த தூண்களுக்கு நடுவே வந்து முட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

இந்தப் படத்தை எப்படி எடுக்கிறார்கள்? ஒரே இடத்தில் நின்று, கேமராவைத் திருப்பித் திருப்பிப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். கேட்க எளிது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நேயர்களே, உங்கள் விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண், வலக்கண் என்று மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இங்குமங்கும் தாவும். பார்க்கும் புள்ளி சற்று நகர்ந்தாலே போதும், அருகில் உள்ள தூண் தூரத்துச் சுவரின் மேல் இப்படித்தான் இடம் மாறும், படங்கள் ஒட்டாது. ஆகவே லென்ஸுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புள்ளி அசையாமல், அதைச் சுற்றியே கேமரா சுழல வேண்டும். அதற்கென்று ட்ரைபாடின் மேல் ஒரு தனிக் கருவியைப் பொருத்துகிறார்கள். கடைசியில் ட்ரைபாடை அகற்றிவிட்டு, அதன் கால்கள் மறைத்திருந்த தரையையும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். படங்களை இணைக்க, ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1990-களின் இறுதியில் இலவசமாக வெளியிட்ட மென்பொருள் உலகம் முழுவதும் பலருக்கு வழி திறந்துவிட்டது.

அடுத்த சிக்கல் வெளிச்சம். ஃபிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளின் வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. கண்ணாடியின் நீலத்தைப் பிடித்தால் கூரை கரும் இருட்டு. கூரையைப் பிடித்தால் கண்ணாடி வெளுத்துப்போகும். அதனால் ஒவ்வொரு திசையிலும் குறைந்த ஒளி, நடுத்தர ஒளி, மிகுந்த ஒளி என்று பல படங்கள் எடுத்துச் சேர்க்கிறார்கள். அந்தப் பேராலயத்தின் உட்சுவர்கள் மெழுகுவர்த்திப் புகையால் கறுத்திருந்தன. இந்த நூற்றாண்டில் அவற்றைச் சுத்தம் செய்து இளமஞ்சள் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். மகிழ்ந்தவர்களும் உண்டு, மனம் வருந்தியவர்களும் உண்டு. அந்தப் பழைய இருட்டுக்குள் நின்று சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு முன்பு எடுத்த பனோரமாக்கள்தான் இனி வழி.

இந்தக் கலையின் பயனை உலகமே உணர்ந்தது பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில். 1163-இல் கட்டத் தொடங்கிய கட்டடம். அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் கலை வரலாறு கற்பித்த ஆண்ட்ரூ டாலன், 2010-இல் அதை லேசர் கருவியால் அளந்தார். சுவரிலும் தூணிலும் கூரையிலும் லேசர் ஒளி பட்ட ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் கருவி குறித்துக்கொள்ளும். 50-க்கும் மேற்பட்ட இடங்களில் நிறுத்தி, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளைச் சேர்த்தார். அதே இடங்களிலிருந்து பனோரமாப் படங்களும் எடுத்து, அளவுகளின் மேல் நிறத்தைப் போர்த்தினார்.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் எப்படிச் சிந்தித்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதுதான் அவர் தேடிய விடை. முகப்பில் அரசர்களின் சிலை வரிசை இருக்கும் பகுதி, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி விலகியிருப்பதைக் கண்டார். அடிமண் இறங்கியதால், அது நிலைகொள்ளும் வரை அன்றைய கொத்தனார்கள் வேலையை நிறுத்திக் காத்திருந்தார்கள் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

2018 நவம்பரில் டாலன் காலமானார். ஐந்தே மாதத்தில், 2019 ஏப்ரல் 15 அன்று, நோத்ர தாம் தீப்பற்றியது. ஓக் மரக் கூரைச் சட்டம் எரிந்தது. ஊசிக்கோபுரம் சரிந்து, கல் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. சீரமைப்பில் இறங்கியவர்களுக்கு டாலன் விட்டுச்சென்ற அளவுகளும் படங்களும் பெரும் துணையாயின. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறந்தது.

நேயர்களே, எதையும் விட்டுவிடாத படத்தின் பெருமை இதுதான். எடுத்தவர் மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. அவர் நினைத்தே பார்க்காத வேறொரு கேள்விக்கும் அந்தப் படத்தில் விடை இருந்தது.

பழைய கட்டடங்களுக்குக் கேமராவோடு போகும் அனைவரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். அழகான மூலையை எடுத்த பிறகு, அழகில்லாத மூலையையும் எடுங்கள். கூரையை, தரையை, விரிசலை எடுங்கள். எந்த நாள், எந்த இடத்தில் நின்று எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள். நமக்குப் பின்னால் வருகிறவர்கள் எதைத் தேடி வருவார்கள் என்பது நமக்குத் தெரியாது. எதைத் தேடினாலும் அவர்களுக்குக் கிடைக்கும்படி விட்டுப்போவது நம் கடமை.