வராதவர்களைப் பற்றிய கேள்வி

மனநல மருத்துவர்களும், குடிநோய் முதலிய போதை நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் செவிலியர், ஆலோசகர், சமூகப் பணியாளர் முதலியோரும் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நகரில் மாநாடு கூடுகிறார்கள். இந்திய மனநல மருத்துவச் சங்கம் 1947-ஆம் ஆண்டில் தோன்றியது. மறு ஆண்டே பாட்னாவில் அதன் முதல் ஆண்டு மாநாடு நடைபெற்றது. கற்றறிந்தோர் சிலர் கூடிக் கட்டுரை வாசித்துக் கலைவதால் நோயாளிக்கு என்ன பயன் என்று நேயர்களில் சிலர் வினவக் கூடும். நியாயமான வினாவே அது.

பயன் உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் குடும்பத்தாரை நோயாளியுடன் தங்க வைத்தது. நோயாளியைத் தனியே அடைத்து வைப்பதே முறை என்று பலர் கருதியிருந்த காலம் அது. ஓரிடத்தில் கண்ட நன்மை மற்றோரிடத்தாருக்கு எட்டவேண்டுமாயின், இரு சாராரும் நேரில் சந்திக்க ஓரிடம் வேண்டுமன்றோ?

ஆயினும், இம்மாநாடுகளுக்குச் செல்லும் நாம் ஒன்றைக் கருத வேண்டும். ஒரு நிலையத்தில் நூறு பேர் குடியை விடச் சிகிச்சை பெற்றனர் என்று கொள்வோம். ஓராண்டு கழித்து அறுபது பேரே திரும்பி வந்தனர். அவர்களுள் நாற்பத்தைந்து பேர் குடிக்கவில்லை. இது நூற்றுக்கு நாற்பத்தைந்தா, அறுபதுக்கு நாற்பத்தைந்தா? பின்னதாகக் கணக்கிட்டால் நூற்றுக்கு எழுபத்தைந்து ஆகிவிடும், கரவொலியும் மிகும். ஆனால் வராத நாற்பது பேர் என்ன ஆனார்கள்? மேடையில் கட்டுரை வாசித்து முடிந்ததும் நாம் எழுந்து பணிவோடு கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

அந்த நாற்பதின்மரில் சிலர் பிழைப்பை நாடி வேற்றூர் சென்றவராகவும் இருக்கலாம். சென்னையில் குடியை நிறுத்திய தொழிலாளி, அடுத்த மாதமே மும்பைக்கோ சூரத்துக்கோ போய்விடுகிறார். குடியை விட்ட முதற் சில மாதங்களே மீண்டும் வழுக்கும் அபாயம் மிகுந்த காலம். மனநோய்க்கான மருந்தையும் திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கக் கூடும். அச்சமயத்தில் புதிய ஊரில் அவருடைய வரலாற்றை அறிந்தவர் எவருமில்லை. உள்ளத்துத் துயரைத் தாய்மொழியில் கேட்பாரும் அரியர். 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறியுள்ளார். அந்த ஒருவரையும் ஊர் மாறும் வழியில் நாம் தவற விடலாமா?

ஆகவே, மாநாட்டிலிருந்து நாம் கொண்டு வரத்தக்க நற்பொருள், பிற மாநிலத்தில் பணிபுரியும் ஒரு தோழரின் முகவரி. ராஞ்சியிலும் பெங்களூரிலும் சண்டிகரிலும் இத்துறையில் உழைப்போர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது ஆண்டில் சில நாட்களே. "எம் நோயாளி உம் ஊருக்கு வருகிறார்; பார்த்துக்கொள்ளும்" என்று உரிமையோடு எழுதும் உறவு அங்கேதான் பிறக்கிறது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களும் இதற்குத் துணை செய்யலாம். சிகிச்சை பெற்றவர் ஊர் மாறும்போது, நோயின் பெயரும் மருந்தின் அளவும் குறித்த கடிதத்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறச் செய்யுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தம் அடிப்படை மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கு வழங்கியிருக்கிறது. போதை நோயாளியும் அதில் அடங்குவார். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த மாநிலத்திலிருந்தும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மாநாட்டு மண்டபத்தில் இடம்பெறாதவர் நோயாளி ஒருவரே. அவருக்காகப் பேசும் பொறுப்பு, அங்கே அமர்ந்திருக்கும் நம் அனைவரையும் சார்ந்தது.