கட்டடச் சோதனை – இளைஞருக்கு ஒரு தொழில்

(ஜூபிலி இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று திகைத்து நிற்கும் தம்பி தங்கைகளுக்கு எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கட்டடங்களின் உறுதியைச் சோதிப்பதே எங்கள் தொழில்.

முதலில் படிப்பைச் சொல்லிவிடுகிறோம். பத்தாவதுக்குப் பின் பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு சிவில் டிப்ளமா படிக்கலாம். உரிய பாடங்களுடன் பன்னிரண்டாவது தேறியவர் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் சர்வேயர், சிவில் டிராப்ட்ஸ்மேன் பிரிவுகளும் உண்டு. டிப்ளமா முடித்தோர் சென்னை தரமணியிலுள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் மூலம் உதவித் தொகையோடு ஓராண்டு பயிற்சி பெறலாம்.

வேலையில் சேர்ந்தவுடன் பெரிய கருவிகளைக் கையில் தரமாட்டார்கள். கான்கிரீட் போடும் இடத்தில் வெயிலில் நிற்க வேண்டும். கூம்பு அச்சில் கலவையை நிரப்பி, அச்சைத் தூக்கி, கலவை எவ்வளவு சரிகிறது என்று அளக்க வேண்டும். பிறகு 15 சென்டிமீட்டர் அச்சுகளில் 'கியூப்' எடுக்க வேண்டும். 30 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 3 மாதிரிகள், மாதிரிக்கு 3 கியூப்கள் என்பது இந்தியத் தரவிதி. அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, 28-ஆம் நாள் இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்-20 கான்கிரீட் என்றால் ஒரு கியூப் ஏறத்தாழ 45 டன் பாரம் தாங்க வேண்டும்.

பழைய கட்டடங்களுக்குச் சோதனை வேறு. சுத்தியல் கருவியால் தட்டிப் பார்ப்போம். ஒலி அலையைச் செலுத்தி உள்ளே வெடிப்பு உண்டா என்று அறிவோம். கடலோரத்தில் உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து உதிர்க்கும். ஆகவேதான் அங்கே கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது விதி.

இவையெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். பழகக் கடினமானது வேறொன்று. அதை வெட்கத்தோடு சொல்கிறோம். நாங்கள் புதிதாகச் சேர்ந்திருந்த காலத்தில், ஒரு வேலையிடத்தில் கியூப் எடுப்பதற்கென்றே சிமெண்டு கூட்டித் தனிக் கலவை போட்டுத் தந்தார்கள். "எல்லா இடத்திலும் இப்படித்தான், தம்பி" என்றார்கள். வேலை போய்விடுமே என்று அஞ்சி வாய் திறவாமல் எழுதிக் கொடுத்தோம். கியூப்கள் தேறின. தூண்கள் தேறவில்லை. பின்னால் வந்த மூத்த பொறியாளர் சந்தேகப்பட்டு, தூணைத் துளையிட்டு எடுத்துச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. மூன்று தூண்களை இடித்துக் கட்டினார்கள். அவர் எங்களைத் திட்டவில்லை. "இங்கே குடியிருக்கப் போகிறவர்களுக்கு உங்களைத் தெரியாது, உங்கள் கையெழுத்தை நம்பித்தான் அவர்கள் தூங்குவார்கள்" என்றார். அன்றைக்குத்தான் நாங்கள் இந்தத் தொழிலில் சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அங்கு நேர்ந்த பிழைகள் வேறு. ஆனால் அச்செய்தியைக் கேட்ட இரவு, எங்கள் நோட்டுப் புத்தகங்களைத்தான் நினைத்துக்கொண்டோம்.

தம்பிகளே, தங்கைகளே! தொடக்கத்தில் சம்பளம் குறைவுதான், அலைச்சல் அதிகம். இருந்தாலும் தயங்காமல் வாருங்கள். கண்டதை எழுதுங்கள், காணாததை எழுதாதீர்கள். எழுத மறுத்ததால் ஒரு வேலை போனாலும், அந்தப் பெயரே உங்களுக்கு இன்னொரு வேலையைத் தேடித் தரும். எங்களில் ஒருவருக்கு அப்படித்தான் கிடைத்தது.