பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்



அமெரிக்காவில் பதினெட்டு வருஷம் இருந்தவள் என்பதால், அந்த நாட்டு மக்களின் பக்தியைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த வாசகர் வட்டத்தில் என்னை அழைத்தார்கள். பக்தியை அளக்க என்னிடம் படி இல்லை. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதிலிருந்து தொடங்குகிறேன்.

1996 ஜனவரி. ஒஹையோ மாநிலத்தின் வடக்கே, ஈரி ஏரிக் காற்று முகத்தில் அறையும் ஒரு சிற்றூர். கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி. கணவருக்கு இரவு ஷிப்ட். மகளுக்கு ஆறு வயது. ஊரில் நமக்குச் சொந்தம் என்று ஒரு குடும்பம் கிடையாது. மாலை ஐந்தரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா நிற்கிறார். கையில் அலுமினியத் தாள் மூடிய கண்ணாடிப் பாத்திரம். உள்ளே சுடச்சுட மக்ரோனி. "இறைச்சி போடவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன்" என்றார்.

மறுநாள் வேறொரு அம்மா. அதற்கு மறுநாள் இன்னொருவர். பதினான்கு நாள்! பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தத் தெருக்கோடியில் இருந்த மெதடிஸ்ட் ஆலயத்தின் கூடத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதில் தேதிகள். யாருக்கு எந்த நாள் முடியுமோ, அந்த நாளுக்கு நேரே பெயர் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒரு துண்டு ஒட்டுத்தாள், அதில் பேனாவால் எழுதிய பெயர், கழுவித் திருப்பித் தரும்போது மாறிப் போகாமல் இருக்க. பதினான்கு நாளில் ஒருவர்கூட என் வீட்டு வாசலில் நின்று மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிவதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ரொட்டியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1930களிலிருந்தே இதைக் கேட்டு வருகிறது. ஏதாவது ஓர் ஆலயத்தில் உறுப்பினர் என்று சொன்னவர்கள் 1937இல் நூற்றுக்கு 73 பேர். 1999இலும் 70 பேர். அறுபது ஆண்டுகள் அசையாத எண் அது. 2020இல் 47 ஆயிற்று. கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து பாதிக்குக் கீழே இறங்கியது அதுதான் முதல் முறை. வாரந்தோறுமோ ஏறக்குறைய வாரந்தோறுமோ வழிபாட்டுக்குப் போகிறேன் என்றவர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 42 பேர். இருபது ஆண்டுக்குப் பிறகு 30 பேர். கத்தோலிக்கர்களிடையே சரிவு இன்னும் செங்குத்து. 1955இல் வாரத் திருப்பலிக்குப் போனோம் என்றவர்கள் நூற்றுக்கு 75. இப்போது மூன்றில் ஒருவர்.

பழைய காலம் முழுக்கப் பக்தி மயம், நம் காலம் மட்டும் கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். 1776இல் அந்த நாடு விடுதலையை அறிவித்தபோது ஆலய உறுப்பினர்கள் நூற்றுக்கு 17 பேர்தான் என்று ரோஜர் ஃபிங்கி, ராட்னி ஸ்டார்க் என்ற இரு சமூகவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். காட்டைத் திருத்திக் குடியேறிய ஊர்களில் குதிரைமேல் வந்த மெதடிஸ்ட் போதகர்களும், ஏர் பிடித்த கையோடு பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட்களும் அந்த மக்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். உச்சம் வந்தது 1950களில். உலகப் போர் முடிந்து, பிள்ளை குட்டிகளோடு புதுப்புது நகர்ப்புறங்களில் குடியேறிய தலைமுறை அது. எதிரே கடவுளை மறுத்த சோவியத் நாடு. 1954இல் பள்ளி உறுதிமொழியில் கடவுளின் பெயரைச் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவது அன்றைக்கு நல்ல குடிமகன் என்பதற்கே ஓர் அடையாளம். சரிவை எல்லோரும் அந்த உச்சியிலிருந்துதான் அளக்கிறார்கள். இதை மறக்கக் கூடாது.

இன்னொரு செய்தி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. 1993இல் ஹாடவே, மார்லர், சேவ்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இடம், நான் இருந்த அதே ஏரிக்கரைப் பக்கம், அஷ்டபியூலா என்ற மாவட்டம். தொலைபேசியில் கேட்டார்கள்: போன வாரம் ஆலயத்துக்குப் போனீர்களா? சீர்திருத்தச் சபையினரில் நூற்றுக்கு 36 பேர் போனேன் என்றார்கள். அதோடு விடவில்லை. கிராமத்துச் சாலையெல்லாம் வண்டியில் சுற்றி, பட்டியலில் இல்லாத சிறு ஆலயங்களைக்கூடத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆலயங்களிடம் வருகைக் கணக்கு வாங்கினார்கள். கணக்குக் கிடைக்காத இடத்தில் வாசலில் நிற்கும் கார்களை எண்ணினார்கள். உண்மையில் வந்தவர்கள் நூற்றுக்கு 20 பேர்தான்!

பொய் சொன்னார்கள் என்று அந்த மக்களை நான் பழிக்க மாட்டேன். போயிருக்க வேண்டும் என்று மனத்தில் இருந்தது. அந்த மனம்தான் போனேன் என்று பதில் சொன்னது. அப்படியானால் இந்த முப்பது ஆண்டுகளில் நடந்தது என்ன? பெஞ்சுகள் காலியானது ஒரு பாதி. போகவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தது மறு பாதி. என் மகளின் பள்ளித் தோழி ஒருத்தி இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய். "ஆன்ட்டி, நாங்கள் எதிலும் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய பாட்டி அப்படி வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டார். இந்த வெளிப்படைத்தன்மையை நான் நல்லது என்றே நினைக்கிறேன். ஊருக்குப் பயந்து முழங்கால் போடுவதில் யாருக்கு என்ன லாபம்?

ஏன் விலகினார்கள் என்பதற்கு ஒரே காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். 2002இல் பாஸ்டன் குளோப் பத்திரிகை, பிள்ளைகளைச் சீரழித்த பாதிரிமார்களைக் கத்தோலிக்கத் திருச்சபை மூடி மறைத்ததை அம்பலப்படுத்தியது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசரமும் இல்லை. பிள்ளைகள் பட்ட துன்பம் அப்படி. அதே ஆண்டில் மைக்கேல் ஹௌட், கிளாட் ஃபிஷர் என்ற இருவர் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார்கள். 1990களில் மதம் இல்லை என்றவர்கள் நூற்றுக்கு 7 பேரிலிருந்து 14 பேராக இரட்டித்தார்கள்; பலருக்கு நம்பிக்கை போகவில்லை, மதம் ஒரு கட்சியின் கொடியாக மாறியதைக் கண்டு விலகினார்கள் என்றார்கள். பிரசங்க பீடத்தில் ஓட்டுக் கேட்டால், எதிர்க்கட்சிக்காரர் எழுந்து போகத்தானே செய்வார்? இதெல்லாம் பெரிய காரணங்கள். நான் கண்ணால் பார்த்தது இன்னும் சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தது. ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி வந்தது. இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு ஞாயிறும் ஷிப்ட் வந்தது. 2020இல் கொரோனா கதவைச் சாத்தியது. கைபேசியில் ஆராதனை பார்த்துப் பழகியவர்களில் பலர் திரும்பவில்லை.

நம்மவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதே காலப் கணக்கில் அமெரிக்க இந்துக்களில் வாரந்தோறுமோ ஏறக்குறைய வாரந்தோறுமோ போகிறவர்கள் நூற்றுக்கு 13 பேர். பக்தி குறைவு என்று படித்தவுடன் தோன்றும். எங்களுக்குக் கோயில் என்றால் பிட்ஸ்பர்க் பக்கம் பென் ஹில்ஸில் இருக்கும் வேங்கடேஸ்வரர்தான். இரண்டரை மணி நேரம் கார். வருஷத்துக்கு நான்கு தடவை போனால் அதிகம். ஆனால் விளக்கேற்றாத நாள் கிடையாது. வாரம் ஒரு நாள் சபை கூடும் வழக்கத்தை வைத்துச் செய்த அளவுகோல், நம் வீட்டு மாடத்தை எப்படி அளக்கும்?

கடைசியாக வந்த செய்தி, கடந்த ஐந்தாறு ஆண்டுகளாகச் சரிவு ஏறத்தாழ நின்றிருக்கிறது என்பது. பியூ ஆய்வு மையம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே ஆய்வில், முதியவர்களில் தங்களைக் கிறிஸ்தவர் என்பவர்கள் நூற்றுக்கு 80. பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு வயதுப் பிள்ளைகளில் 46. முதியவர்கள் மறைந்து அந்த இடத்துக்கு இந்தப் பிள்ளைகள் வரும் நாளை எண்ணிப் பாருங்கள்.

எனக்குக் கவலை கடவுளைப் பற்றி இல்லை. அவரை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. என் கவலை அந்தச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பற்றி. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 74,000 பெண் செவிலியர்களைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2016இல் வெளியிட்டார்கள்: வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களிடம், போகாதவர்களைவிட இறப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. காரணத்தை அறிஞர்கள் விவாதிக்கட்டும். வராத ஞாயிறன்று "என்ன, உடம்புக்கு முடியவில்லையா" என்று விசாரிக்க நூறு பேர் இருப்பது சின்ன விஷயமா? விலகியவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. அந்தத் தாளை இனி எந்தச் சுவரில் ஒட்டுவார்கள் என்பதற்கு மட்டும் அவர்களிடம் கேட்டுக் கேட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

2022 கோடையில் அந்த ஊருக்கு மறுபடி போனேன். ஆலயத்தை விற்றுவிட்டார்கள். கடைசி ஆராதனைக்கு இருபத்தொரு பேர் வந்தார்களாம், எல்லோரும் நரைத்த தலை. கூடத்து மேசையில் சமையலறைச் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று. காபி கொதிக்கும் பெரிய பாத்திரம், மடக்கு நாற்காலிகள், அப்புறம் ஒரு வரிசை கண்ணாடிப் பாத்திரங்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டுத்தாள் மஞ்சளாகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவின் பெயர். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் வாராவாரம் அந்த ஆலயத்தின் கீழ்த்தளத்தில்தான் கூடுவார்கள். பூட்டியிருந்த பக்கவாட்டுக் கதவின் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டு, அடுத்த வாரம் எங்கே கூடுவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.